மனுக்காரர் சேர்த்த ஒரு வரி

அகதிகள் மனுப் போடும் புகலிட அலுவலகத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. மெஷினைப் பார்த்துக்கொள்வது மனைவி. ஓரமாகக் கம்ப்யூட்டர் போட்டு மனு எழுதிக்கொடுப்பது கணவர். மனுக்காரர் என்று கேட்டால்தான் அந்தத் தெருவுக்கு அவரைத் தெரியும்.

இருபது வருஷம் எழுதிய கை. தண்ணீர் இணைப்போ, விதவை உதவித்தொகையோ, எந்த மனுவானாலும் கடைசியில் ஒரு வரி போட்டாக வேண்டும் அவருக்கு: ‘வறுமையில் வாடும் நான், பிழைப்புக்கு வேறு வழியின்றித் தங்கள் கருணையை நாடி வந்துள்ளேன்.’ அந்த வரியில் மயங்காத அதிகாரி இல்லை என்பது அவர் கட்சி. எதிரே புகலிட அலுவலகம் வந்து நாலு வருஷம் ஆகிறது. அகதிகளிடம் மட்டும் அவர் காசு வாங்குவதில்லை. நல்ல மனசுதான், இல்லையென்று யார் சொன்னது? அதோடு கொஞ்சம் பெருமையும் உண்டு.

“என்கிட்ட எழுதிட்டுப் போன அகதி ஒருத்தராவது திரும்பி வந்து குறை சொல்லியிருக்காங்களா? சொல்லு பாப்போம்!”

“ஆமா, சாருக்குச் சிலை வைக்கணும். டோனர் தீந்துபோச்சு, முதல்ல அதைப் பாருங்க” என்பாள் மனைவி.

மழைக்கு முந்தி ஒரு நர்ஸ் வந்தாள், ஆறு வயது மகளைக் கையில் பிடித்துக்கொண்டு. எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரி. இந்த ஊர்ப் பேச்சு வரும், எழுத்துத் தெரியாது. ஊர்வலத்தில் சுடப்பட்டவர்களுக்குக் கட்டுப் போடக் கூடாது என்று ராணுவம் சொன்னதாம். இவள் போட்டாளாம். புருஷனைப் பிடித்துப் போனார்கள். பிறகு இவளைத் தேடி இரண்டு தடவை வந்தார்கள். அழாமல் சொன்னாள். ஜெராக்ஸ் மெஷினை நிறுத்திவிட்டு மனைவிதான் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மனுக்காரர் முழுசும் கேட்டார். பிறகு தன் வழக்கப்படி செய்தார். ஒரு சர்க்கார் ஆபீசில் போய் இன்னொரு சர்க்காரைத் திட்டலாமா? எந்த அதிகாரி ரசிப்பான்? ராணுவத்தைத் தூக்கிவிட்டு வறுமையைப் போட்டார். கடைசியில் அந்த வரி. படித்துக் காட்டவில்லை. எதற்கு?

“உள்ள கூப்பிட்டு மனுவுல இருக்கிறது சரியான்னு கேப்பாங்க. ஆமாய்யான்னு மட்டும் சொல்லு. மேல ஒரு வார்த்தை பேசாதே, தங்கச்சி.”

தங்கச்சியும் அப்படியே சொன்னாள்.

மூன்று மாதம் கழித்து இலவசச் சட்ட உதவி வக்கீல் அந்த மனுவைக் கடை மேஜையில் போட்டாள். பின்னால் நர்ஸ் நின்றிருந்தாள்.

“இதை எழுதினது நீங்கதானே, ஐயா?”

“நானேதான். ஏன், நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. பிழைப்புத் தேடி வந்தேன்னு இவங்களே ஒத்துக்கிட்டாங்கன்னு தள்ளுபடி பண்ணிட்டாங்க. பிழைக்க வந்தவங்களைத் திருப்பி அனுப்பலாம். உயிருக்குப் பயந்து வந்தவங்களை அனுப்பக் கூடாது, அது சட்டம். இவங்க கேட்டது கருணை இல்லைய்யா, உரிமை. அதை நீங்க அழிச்சுட்டீங்க.”

மனுக்காரர் மனுவை எடுத்துக் கடைசி வரியைப் பார்த்தார். நர்ஸின் முகத்தைப் பார்க்கவே கூசியது.

“வியாழக்கிழமை மேல்முறையீடு. அன்னிக்கும் தள்ளிட்டா வெள்ளிக்கிழமை எல்லைக்குப் போற பஸ்ஸுல ஏத்திடுவாங்க” என்றாள் வக்கீல். “இவங்க சொன்னதை நான்தான் மாத்தினேன்னு நீங்க வந்து சொல்லணும். அப்புறம் உங்களை மனு எழுத விடுவாங்களான்னு எனக்குத் தெரியாது. பொய் சொல்லிக் கூட்டிட்டுப் போக மாட்டேன்.”

அந்த மனுஷனைப் பொல்லாதவர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் இரண்டு நாள் சாக்குத் தேடினார். முதுகு வலி என்றார். வக்கீல் பார்த்துக்கொள்வாள் என்றார். மனைவி சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“நமக்கு ஜெராக்ஸ் இருக்கு. அந்தக் குழந்தைக்கு என்ன இருக்கு? எழுந்து சட்டையைப் போடுங்க.”

போனார். சின்ன அறை, மேஜைக்குப் பின்னால் நீதிபதி.

“அவங்க சொன்னதை மாத்துனீங்களா?”

“ஆமாங்க.”

“படிச்சுக் காட்டுனீங்களா?”

“இல்லீங்க. எல்லாருக்கும் போடுற வரிதாங்க அது.”

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். “எல்லாருக்கும்னா?”

மனுக்காரரின் மனசு கடைக் கம்ப்யூட்டரில் கிடந்த மற்ற மனுக்களுக்குப் போனது. என்ன பதில் சொன்னார் என்று அவருக்கே நினைவில்லை. நர்ஸை மறுபடி விசாரிக்க உத்தரவாயிற்று. இனி அந்த அலுவலகத்துக்கு மனு எழுதக் கூடாது என்று இவருக்கும் ஓர் உத்தரவு. வெளியே வந்ததும் நர்ஸ் கையெடுத்துக் கும்பிட்டாள். அவரால் அதை வாங்கிக்கொள்ள முடியவில்லை. விறுவிறுவென்று கடைக்கு நடந்தார்.

கம்ப்யூட்டரில் அகதிகளுக்கென்று எழுதியவை மொத்தம் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றாகத் திறந்தார். நாற்பத்தொன்றிலும் அந்த வரி இருந்தது.

“இவங்கள்லாம் இப்ப எங்க இருக்காங்க?” என்றாள் மனைவி.

மனுக்களின் அடியில் இருந்த எண்களுக்குப் போன் போடத் தொடங்கினார். உபயோகத்தில் இல்லை. உபயோகத்தில் இல்லை. மறுநாளும் அதே வேலை. மத்தியானம், அச்சுக்கூடத்தில் வேலை பார்த்த ஒருவரின் மனுவில் சொந்த ஊர் எண் ஒன்று இருந்தது. மணி அடித்தது. ஒரு பெண் எடுத்தாள். மனுவில் இருந்த பேரைச் சொல்லிக் கேட்டார்.

“அண்ணனா? போன வருஷம் திருப்பி அனுப்புனாங்க. பஸ் ஸ்டாண்டுலயே பிடிச்சுட்டுப் போயிட்டாங்க. பதினோரு நாள் கழிச்சு உடம்பைத்தான் குடுத்தாங்க. நீங்க யாரு?”

மனைவி போனை வாங்கக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

“நான்... இங்க அவருக்கு மனு எழுதிக் குடுத்தவன்மா.”



“நீங்களா? உங்களைப் பத்தி அண்ணன் போன்ல சொல்லியிருக்காரு. காசு கூட வேண்டாம்னுட்டீங்களாமே. அந்த ஊர்ல ஒரே ஒரு நல்ல மனுஷரைப் பாத்தேன்னு சொன்னாரு.”

அவளும் குறை சொல்லவில்லை.