இரண்டு தரமும் இருபத்தொன்பது

1

இந்தக் கதை ஓர் அறிக்கையிலிருந்து பிறந்தது. அறிக்கையை எழுதியவனும் நான்தான். 1999இல் பதுளைக்குப் பக்கத்தில் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் எழுதுவினைஞனாக இருந்தேன். வேலை கேட்டு வரும் பெண்களின் விரல் வேகத்தை அளக்கும் சோதனை நம்பத்தகுந்ததா என்று தலைமை அலுவலகம் கேட்டிருந்தது. நம்பத்தகுந்தது என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அது பொய்யில்லை. அதுதான் என் வயிற்றெரிச்சல்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘பூனாகலை மலையில் பனி விலகாத அந்தக் காலையில் சிவசக்தி—’

(அடித்துவிட்டேன். மலையகம் என்றதும் பனியை இழுத்துக்கொண்டு வருவது என்னைப் போன்ற யாழ்ப்பாணத்துக்காரரின் வழக்கம். அன்று நல்ல வெயில்.)

சிவசக்தி பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் எட்டு வருடமாகக் கொழுந்து பறிப்பவள். தொழிற்சாலையில் இருபத்தைந்து வயது தாண்டினால் எடுக்கமாட்டார்கள். அவளுக்கு அடுத்த மாதம் இருபத்தாறு. இதை விட்டால் காலம் முழுக்க முதுகில் கூடைதான்.

3

துளையிட்ட ஒரு பலகை. தட்டு நிறையச் சிறிய கம்பித் துண்டுகள். ஒரு நிமிடத்தில் நாற்பது துளைகளில் செருகினால் வேலை. அவளுடைய இரண்டு கைகளும் பறந்தன. எண்ணிப் பார்த்தால் இருபத்தொன்பது.

“ஏன் பிள்ளை, இவ்வளவையும் பக்கத்தில குவிச்சு வச்சிருக்கிறீர்?” என்று கேட்டேன்.

“அதெல்லாம் வளைஞ்சதுங்க. பொறுக்கி ஒதுக்கிட்டேன்” என்றாள் பெருமையாக. “முத்தின எலய கூடையில போட்டா, நிறுக்கிற எடத்துல கணக்கப்புள்ள எல்லார் முன்னுக்கும் கொட்டிக் காட்டுவாருங்க.”

கம்பிகள் பழையவை. வளைந்தாலும் துளைக்குள் போகும். டவுன் பிள்ளைகள் பார்க்காமலே குத்தித் தள்ளினார்கள். தோட்டத்திலிருந்து வந்த ஏழு பேரும் தெரிந்தெடுத்துச் செருகினார்கள். துணி தைக்கிற இடத்துக்கு எந்தக் கை வேண்டும், குத்தித் தள்ளுகிற கையா தெரிந்தெடுக்கிற கையா என்று அந்தப் பலகையை யாரும் கேட்கவில்லை.

4

ஆளணி அதிகாரி குமாரசிங்கத்தைக் கொடியவராக எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. மனுஷன் யாரையும் ஏசமாட்டார். சோதனைக்கு வரும் பெண்களிடம் அச்சடித்த அறிவுறுத்தலுக்கு மேல் ஒரு சொல்லும் சொல்லக்கூடாது என்பது மட்டும்தான் அவருடைய கட்டளை. இரண்டு கிழமை கழித்து அதே பெண்களை மறுபடி சோதிக்கவேண்டும், எண்கள் ஒத்துவரவேண்டும். ஒத்துவந்தால் என் வேலை நிரந்தரமாகும் என்றும் சொல்லியிருந்தார்.

(இந்தக் கடைசி வசனத்தைக் கதையின் முதல் மூன்று பிரதிகளில் மறைத்திருந்தேன்.)

5

இரண்டாம் சோதனைக்கு என்னிடம் இரண்டு முடிவுகள் இருந்தன.

ஒன்று: “வளைஞ்சதையும் போடும், பிள்ளை” என்று நான் மெல்லச் சொல்கிறேன். அவள் நாற்பத்தாறு செருகுகிறாள். இதை எழுதும்போது கண் கலங்கியது. என் மேலேயே எனக்கு அருவருப்பு வந்து நிறுத்திவிட்டேன்.

இரண்டு: அவளே கண்டுபிடித்து, பலகையைத் தூக்கி—

இல்லை. உண்மையில் அவள் முன்னைவிடக் கவனமாக ஒதுக்கினாள். இருபத்தொன்பது.

“ரெண்டு தரமும் ஒரே எண்” என்றார் குமாரசிங்கம். “இதைத்தான் நம்பகம் எண்டு சொல்லுறது.”

அவர் சொன்னது சரி. பிழையான அளவுகோல் ஒரே பிழையை எத்தனை தரமும் தவறாமல் தரும்.

6

தெரிவானவர்களின் பெயர்ப் பட்டியல் ஒட்டிய அன்று, அதில் தன் பெயரைக் காணாத சிவசக்தி என் மேசைக்கு வந்தாள்.

“நான் எங்கங்க பிசகுனேன்? சொல்லுங்க, திருத்திக்கிறேன்.”

“ஒரு பிழையும் இல்லை, பிள்ளை.”

“அப்ப என் கைதான் சரியில்லையாங்க?”

[இந்த இடத்தில் பதினொரு பதில்கள் எழுதி அடித்தேன். எல்லாம் இப்போது தோன்றியவை. அன்று நான் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.]

அவள் கைகளை ஒருதரம் விரித்துப் பார்த்துவிட்டு பஸ் ஏறப் போனாள். எனக்கு வேலை நிரந்தரமாகியது. முடிவு எழுதும் தகுதி எனக்கில்லை, வாசகரே. பூனாகலைப் பக்கம் போனால் அவளுக்கு நீங்கள் பதில் சொல்லுங்கள். நான் போகமாட்டேன்.