வீட்டு ஜெபம்

“உக்காருங்க அண்ணாச்சி. சும்மா சும்மா எங்க எந்திரிக்கிய?” என்று எபனேசர் தோளைப் பிடித்து அழுத்தினார்.

பாதி எழுந்த அப்பாத்துரை மறுபடியும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தார். பந்தலுக்கு வெளியே சிலர் வெயிலில் நின்றார்கள். அவர்களுக்கு நாற்காலி போடச் சொல்லலாம் என்று தோன்றியது. அப்படிச் சொல்வதற்கென்று இந்த வீட்டில் ஓர் ஆள் இருந்தாள். அவளைத்தான் கண்ணாடிப் பெட்டிக்குள் படுக்க வைத்திருந்தார்கள்.

சாரம்மாளுக்கு வெள்ளைப் பட்டுச் சேலை உடுத்தி, கைகளில் வெள்ளை உறை மாட்டியிருந்தார்கள். மாட்டியவர்கள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்தார். மாட்டும்போது ஒருத்தி, “அக்கா கை இப்பவும் மஞ்சளாத்தான் இருக்கு” என்று சொல்லி அழுதாள். அந்தக் கைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடங்கிக் கிடந்து அப்பாத்துரை பார்த்ததில்லை. கோயிலில் ஜெபத்துக்குத் தலை குனியும்போதுகூட அவள் விரல்கள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருக்கும். ஆமென் வந்துவிட்டால் அடுத்த வேலைக்கு ஓடலாம் என்று காத்திருக்கும் விரல்கள்.

எபனேசர் குனிந்து காதருகே பேசினார். அவர் சபைக் கமிட்டியில் இருப்பவர். யார் வீட்டுச் சாவானாலும் பெட்டி, வண்டி, குழி எல்லாம் அவர் பொறுப்பு.

“நாலு மணிக்கு ஐயரு வந்துருவாவ. அதுக்கு முன்ன வீட்டு ஜெபத்த முடிச்சிரணும். நீங்களே பண்ணிருங்க.”

“இன்னைக்கு நீரு பண்ணும் வே.”

“நானா? நான் வாயத் தொறந்தா கமிட்டிக் கூட்டம் மாதிரில்லா இருக்கும். உங்க வாயால கேட்டாத்தான் அண்ணாச்சி சனங்களுக்கு ஆறும். சாரா மைனியும் அதத்தான் விரும்புவாவ.”

அந்தச் சபையில் அது ஒரு வழக்கம். சாவு வீட்டுக்குச் சபைப் போதகரான ஐயர் வந்து ஆராதனை தொடங்குவதற்கு முன்னால், பெட்டியை மூடுவதற்கு முன்னால், சபையாரில் மூத்த ஒருவர் அந்தக் குடும்பத்துக்காக ஜெபிக்க வேண்டும். பள்ளிக்கூடத்துக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற அப்பாத்துரைதான் எத்தனையோ வருஷமாக அதைச் செய்துவந்தார். சாவுச் செய்தி வந்ததும் கணவனும் மனைவியும் ஒன்றாகத்தான் கிளம்புவார்கள். அவர் முன்வாசல் வழியாகப் போவார், அவள் பின்வாசல் வழியாகப் போவாள். அவர் தலைமாட்டில் நின்று கண்களை மூடும்போது, அவள் அந்த வீட்டு அடுக்களையில் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடுங்காப்பிக்குத் தண்ணீர் வைத்திருப்பாள். அவர் ஆமென் சொல்லவும் காப்பி கொதிக்கவும் சரியாக இருக்கும்.

பெட்டியின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்த உறவுக்காரக் கிழவி மூக்கைச் சிந்தினாள். “அத்தான் ஜெபத்துல இருக்கையிலேயே கர்த்தர் அவள எடுத்துக்கிட்டாரே. ஒரு வலி உண்டா, ஒரு கூப்பாடு உண்டா? யாருக்குக் கெடைக்கும் இந்தப் பாக்கியம்?”

“ஆமாக்கா. ஜெபத்தோட ஜெபமாப் போயிட்டாவ” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

அப்பாத்துரை எழுந்துவிட்டார். இந்தத் தடவை எபனேசர் பிடிக்குமுன் நடந்தும் விட்டார்.

ஜெபம் என்றால் அவருக்கு அந்தச் சின்ன அறைதான். மாடிப்படிக்குக் கீழே அரிசி மூட்டையும் விறகும் கிடந்த இடம். அவர் கேட்டார் என்று சாரம்மாள் ஒரே நாளில் காலி செய்து கழுவிக் கொடுத்தாள். விடியுமுன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால், வெளிச்சம் நன்றாக வந்த பிறகுதான் வருவார். அந்நேரம் கேஸ்காரன் வந்தாலும் சரி, தந்தி வந்தாலும் சரி, “ஜெபத்துல இருக்காவ” என்று வாசலிலேயே நிறுத்திவிடுவாள். கல்யாணமான புதிதில் ஒருநாள், ஊரிலிருந்து வந்த விருந்தாளிகளுக்குப் பால் போதவில்லை என்று கதவைத் தட்டிவிட்டாள். அவர் வெளியே வந்து பால் வாங்கிக் கொடுத்தார். அன்று ராத்திரி வரைக்கும் அவளோடு பேசவில்லை. அதன் பிறகு அவள் அந்தக் கதவைத் தட்டியதில்லை.

வேதத்தில் வரும் இரண்டு சகோதரிகளின் கதையைச் சொல்லி அவர் அவளைச் சீண்டுவதுண்டு. “ஒருத்தி ஆண்டவர் காலடியில உக்காந்தா. ஒருத்தி ஒன்ன மாதிரி அடுக்களையில உருட்டிக்கிட்டுக் கெடந்தா.”

“அவளும் உக்காந்திருந்தா வந்தவிய அன்னைக்கு என்னத்தத் தின்னுருப்பாவளாம்?” என்பாள் சாரம்மாள். சிரித்துக்கொண்டே சொல்வாள், கையில் கரண்டி நிற்காது.

சனிக்கிழமைகளில் அவளுக்கு வேலை இரட்டிப்பு. பெரியாஸ்பத்திரியில் நோயாளிகளுக்குத் துணையிருக்கும் வெளியூர்ச் சனங்களுக்குச் சங்கத்துப் பெண்கள் இட்லி கொண்டுபோவார்கள். பாதிக்குமேல் இவள் அவிப்பதுதான். இன்று காலையிலும் அதற்காகத்தான் எழுந்தாள். அப்பாத்துரை முழங்காலில் நின்று அன்றைய வேதப் பகுதியை வாசித்து முடித்திருந்தார். அடுக்களையில் இட்லி மாவு வைத்திருந்த போணிப் பாத்திரம் விழுந்தது. கனமான சத்தம், அதன் பின்னால் மூடி உருண்டுபோய்ச் சுவரில் மோதிய சத்தம்.

அவருக்கு எரிச்சல்தான் வந்தது. அவள் கையிலிருந்து ஒன்று விழாத நாள் உண்டா? அடுத்து அவள் தனக்குத்தானே திட்டிக்கொள்ளும் சத்தம் வரும், பிறகு துடைப்பம், பிறகு குழாய். அதற்காகக் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. வீடு அப்படியே அடங்கிப் போயிற்று. அந்த நிசப்தத்தில் ஜெபம் என்றுமில்லாத இனிமையோடு இறங்கிற்று. கண்ணில் நீர் வந்தது. இப்படி ஓர் அமைதியைக் கொடுத்ததற்காக அவர் ஆண்டவருக்கு வாய்விட்டு நன்றி சொன்னார். சபையாருக்காக, பேரன் பேத்திகளுக்காக, மழைக்காக எல்லாம் வேண்டி முடித்து, ஆமென் சொல்லி, கதவைத் திறந்து காப்பிக்காக அடுக்களைக்குப் போனார்.

தெருக்கோடி டாக்டர் வந்து நாடி பார்த்தார். “எப்ப விழுந்தாங்க சார்?” என்று கேட்டார்.

“இப்பத்தான்” என்றார் அப்பாத்துரை.

இப்போது படிக்கட்டுக்குக் கீழே வந்து நின்று அறைக் கதவைத் தள்ளினார். ஐந்து நிமிஷம் முழங்காலில் நின்றால் வார்த்தை வந்துவிடும் என்று நினைத்திருந்தார். உள்ளே வள்ளியூரிலிருந்து வந்தவர்களின் பைகள் குவிந்திருந்தன. அவருடைய ஜமுக்காளத்தில் யார் பிள்ளையோ வாயைத் திறந்துகொண்டு தூங்கியது. அவர் நின்றபடியே கண்ணை மூடினார். அடுக்களையில் ஒரு தம்ளர் ணங்கென்றது. திடுக்கிட்டு விழித்தார். மறுபடி மூடினார். மறுபடியும் ஏதோ உருண்டது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவர் கால் தானாக அடுக்களைப் பக்கம் திரும்பியது.

பக்கத்து வீட்டு முத்துராணி ஈரக்கையோடு எட்டிப் பார்த்தாள். “அண்ணாச்சி, தப்பா நெனைக்காதிய. பெரிய வடிகட்டி எங்கன இருக்கு? தேடித் தேடிப் பாத்துட்டோம்.”

“சாராகிட்ட...” என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

முத்துராணி வாயைச் சேலையால் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர் பின்னாலேயே போனார். அலமாரியைத் திறந்தார். வரிசையாக டப்பாக்கள், அவற்றுக்குப் பின்னால் வேறு டப்பாக்கள். எதில் என்ன இருக்கிறது என்று ஒன்றுகூட அவருக்குத் தெரியவில்லை. அந்த ஊரில் முன்பின் தெரியாத ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டவர் போல நின்றார்.

“நீங்க எதுக்குப்பா இங்கன வந்திய?” என்று எப்சி வந்து கையைப் பிடித்தாள். வள்ளியூரில் கட்டிக்கொடுத்த மகள். அழுது முகம் வீங்கியிருந்தது. “அம்மா பக்கத்துல போயி இருங்க. இன்னும் செத்த நேரந்தான இருக்கும்?”

“வடிகட்டி கேட்டாவ.”

“அத நாங்க பாத்துக்கிடுதோம்.” அவள் அவரை முற்றத்துக்குக் கூட்டிவந்தாள். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு தணிந்த குரலில் கேட்டாள். “அம்மா கூப்பிடவே இல்லியாப்பா?”

“இல்ல” என்றார்.

அது பொய்யில்லை. அவள் கூப்பிடவில்லை. எப்சி அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அவர் சட்டையின் மேல் பித்தானைப் போட்டுவிட்டாள்.

ஹாலில் பாட்டு நின்றது. எபனேசர் கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார். சவப்பெட்டியை வண்டியிலிருந்து இறக்கிச் சுவரோரம் வைத்திருந்தார்கள். பந்தலில் இருந்தவர்கள் உள்ளே நெருக்கிக்கொண்டு வந்தார்கள். அடுக்களைப் பெண்களும் கையைத் துடைத்தபடி வந்து ஒதுங்கி நின்றார்கள்.

“நம்ம அண்ணாச்சி வீட்டு ஜெபம் பண்ணுவாவ. எல்லாரும் கண்கள மூடிக்கிடுவோம்” என்றார் எபனேசர்.

அப்பாத்துரை தலைமாட்டில் நின்றார். எத்தனை வீடுகளில் நின்ற இடம். வார்த்தைகள் தேட வேண்டியதில்லை, வாயைத் திறந்தால் போதும், தடம் பழகிய மாடுபோல அவை தாமாகவே நடக்கும். “எங்கள் பரம பிதாவே” என்று தொடங்கினார்.

ஹால் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்து அடங்கியது.

அடுத்து என்ன வரும் என்று அவருக்குத் தெரியும். திடீரென்று போனவர்களின் வீட்டில் அவர் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு. இந்தப் பிள்ளைக்கு அமைதியான முடிவைத் தந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். அது தொண்டைவரை வந்து நின்றது. காலையில் சொன்ன நன்றிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டது. அவர் வாயை மூடிக்கொண்டார்.

ஜனங்கள் காத்திருந்தார்கள். துக்கத்தில் குரல் அடைத்துவிட்டது என்று நினைத்திருப்பார்கள். “ஸ்தோத்திரம்” என்று ஒருவர் மெல்ல முனகி அவருக்குத் தெம்பூட்டினார். கிழவி விசும்பினாள். அப்பாத்துரை கண்ணைத் திறந்தார். எல்லோரும் தலை குனிந்திருந்தார்கள், எல்லோர் கண்ணும் மூடியிருந்தது. பெட்டிக்குள் சாரம்மாளின் கண்ணும் மூடியிருந்தது.

அவர் தலைமாட்டை விட்டு நகர்ந்தார். உட்கார்ந்திருந்தவர்களின் கால்களை மிதிக்காமல், சுவரைப் பிடித்துக்கொண்டு, பைய நடந்து அடுக்களைக்குப் போனார்.

அங்கே யாருமில்லை. அடுப்பில் காப்பி சிறு தீயில் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் கிடந்த இடத்தைக் காலையிலேயே பெண்கள் கழுவித் துடைத்துவிட்டார்கள். தரை பளபளவென்று இருந்தது. ஆனால் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், சுவரும் தரையும் சேரும் மூலையில், யார் கண்ணுக்கும் படாமல் கொஞ்சம் மாவு காய்ந்து ஏடாகப் படிந்திருந்தது. அவர் முழங்காலில் இறங்கினார். தொங்கிய கைப்பிடித் துணியை உருவி அதைத் தேய்த்தார். வரவில்லை. நகத்தால் சுரண்டினார். பொடிப்பொடியாகக் கொஞ்சம் உதிர்ந்தது. இன்னும் அழுத்திச் சுரண்டினார்.

பின்னால் காலடி கேட்டது. எப்சி வாசலில் நின்றாள். அவளும் ஜெபத்தில் கண்ணைத் திறந்தவள்தான் போலிருக்கிறது.

அவர் திரும்பவில்லை. “சத்தம் கேட்டுச்சு எப்சி” என்றார். “போணி விழுந்த சத்தம். எனக்குக் கேட்டுச்சு.”

அவள் அங்கேயே நிற்கிறாளா, போய்விட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. கை மட்டும் சுரண்டிக்கொண்டே இருந்தது. சற்று நேரத்தில் பின்னால் குழாய் திறந்தது. ஒரு பேசினில் தண்ணீர் விழுந்தது. அவள் அதைக் கொண்டுவந்து அவருக்கும் சுவருக்கும் நடுவில் வைத்தாள். சேலையை ஒதுக்கிக்கொண்டு பக்கத்தில் மண்டியிட்டாள்.

“காஞ்ச மாவு சுரண்டுனா வராதுப்பா, ஊறணும்” என்றாள். துணியை அவர் கையிலிருந்து வாங்கி நனைத்து மூலையில் போட்டு அமுக்கினாள். “சிலிண்டர லேசா சாய்ச்சுப் புடிங்க. அடியிலயும் இருக்கும்.”

அவர் இரண்டு கையாலும் சிலிண்டரைச் சாய்த்துப் பிடித்தார். அவள் துடைத்தாள், பிழிந்தாள், மறுபடி துடைத்தாள். ஹாலில் ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. யாரோ இருமினார்கள். இன்னும் யாரும் கண்ணைத் திறக்கவில்லை போல. பேசினில் இருந்த தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்துக்கொண்டு வந்தது.