தகடு இல்லாத கத்தி

விடிவதற்குள் இருநூறு அச்சுத் தாள்களை மடித்துவிட்டாள் பைண்டிங் அக்கா. காகிதம் உரசி உரசி விரல் நுனிகள் எரிந்தன. அரசு அச்சகத்தின் கதவை மூன்று நாளாக வெளியே பூட்டியிருந்தார்கள். பட்ஜெட் புத்தகம் சபைக்குப் போய்ச் சேரும்வரை யாரும் வீட்டுக்குப் போகக்கூடாது. போன்களையும் பிடுங்கி வைத்திருந்தார்கள்.

மேலாளர் பன்னும் டீயும் கொண்டுவந்தார்.

"சாப்பிடுங்கம்மா, பாவம்."

இத்தனை வருடத்தில் அவர் வாயில் வராத 'அம்மா'. அவள் பன்னைத் தொடவில்லை.

போன மாதம்தான் கட்டிங் மெஷின் அவள் புருஷனின் நான்கு விரல்களைக் காவு வாங்கியது. கத்திக்கு முன்னால் காப்புத் தகடு இல்லை. "அடுத்த பட்ஜெட்ல கட்டாயம் வருது" என்று ஆஸ்பத்திரியில் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னவர் இதே மேலாளர்.

மடித்தபடியே அச்சகத்துக்கான பக்கத்தைத் தேடிப் பிடித்தாள். எழுத்துக்கூட்டி இரண்டு தரம் படித்தாள். 'இயந்திரப் பாதுகாப்பு' என்பதற்கு நேரே வெறும் கோடு. அதற்குக் கீழே, 'முகப்பு அலங்கார வளைவு'. நேரே நீளமாக ஒரு தொகை.

"சார், தகடு எங்கே?"

"அதை யார் உன்னைப் படிக்கச் சொன்னது? ரகசியம் அது! உள்ளே தள்ளிடுவாங்க."

"மூணு நாளா உள்ளேதானே சார் கிடக்கோம்?"

யாரோ சிரித்தார்கள்.

"எதுக்கு எவ்வளவுன்னு பெரியவங்க முடிவு பண்ணுவாங்க. மடிக்கிறது மட்டும் உன் வேலை."

"எங்க விரலைவிட வளைவு பெருசுன்னு முடிவு பண்ணிட்டாங்க. அதைத்தான் எங்க கையாலேயே மடிக்கச் சொல்றீங்க."

சட்டென்று கட்டிங் மெஷின் நின்றது. இப்போது அதில் வேலை பார்ப்பவர் மீசைக்காரர். இங்கே நடப்பதையெல்லாம் மேலாளரிடம் ஓதுகிறவர் என்று எல்லோருக்கும் சந்தேகம்.

"தகடு வரட்டும் சார். அப்புறம் வெட்டறேன்" என்றார் அவர்.

"நீயுமா? பத்து மணிக்குச் சபை கூடுதுய்யா!"

"தெரியும் சார். அதான் இப்பவே நிறுத்திட்டேன்."

புத்தகம் தைக்கும் பெண்கள் ஒவ்வொருவராக ஊசியைக் கீழே வைத்தார்கள். மேலாளர் ஓடிப்போய்ப் பூட்டிய கதவை இரண்டு கையாலும் தட்டினார்.

மீசைக்காரர் காகிதக் கட்டின்மேல் உட்கார்ந்தார். அக்கா அவரையே உற்றுப் பார்த்தாள்.

"அண்ணே, பாதியிலே எழுந்து போயிட மாட்டீங்களே?"

"சந்தேகமா இருந்தா பக்கத்துலேயே உட்காரு தங்கச்சி."

உட்கார்ந்தாள். மற்றவர்களும் வந்து நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெளியே காவல் நின்ற போலீஸாரின் பூட்ஸ் சத்தம் ஓடிவந்து கதவருகில் நின்றது. பூட்டில் சாவி திரும்பியது. ஒருவரும் எழவில்லை.