வைத்தியரய்யாவின் அக்கா

அந்த விண்கப்பலில் டாக்டரம்மாவை யாருக்கும் பிடிக்காது. டாக்டரம்மாவுக்கும் அங்கே யாரையும் பிடிக்காது. இரண்டு பக்கமும் சமமாக இருந்ததால் சண்டை சச்சரவில்லாமல் பல வருஷம் ஓடிவிட்டது.

அவள் மனித இனமில்லை. நின்றால் தலை கதவு நிலையை இடிக்கும். மார்பில் இரண்டு இதயம், சாம்பல் நிறத் தோல். அந்தத் தோலில்தான் வம்பு. அவள் இனத்தாருக்கு யார்மேலாவது இளக்காரம் வந்தால் உடம்பு நீலமாகும். விரல் நுனியில் தொடங்கி, எதிரே இருக்கும் ஆளின் தகுதிக்கு ஏற்ப மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று ஏறும். கொட்டாவி மாதிரிதான், வந்தால் வந்ததுதான், அடக்க முடியாது.

மனிதர்களுக்கு வைத்தியம் படிக்கப் போகிறேன் என்று அவள் சொன்ன அன்று, அம்மாவுக்குத் தோள்வரை நீலம் ஏறிவிட்டது. "ஒத்தை இதயத்தை வெச்சுக்கிட்டு ஊரெல்லாம் சுத்துற ஜென்மங்க. அதுங்களுக்குப் போய் டாக்டரா?" என்றாள். மகள் கேட்கவில்லை. துறைமுக ஆஸ்பத்திரியில் மனிதப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். முதல்முறை ஒரு மனித உடம்பைத் திறந்து பார்த்தபோது சொக்கிப்போனாள். ஈரலும் குடலும் நரம்பும் அவ்வளவு நெருக்கமாக, அவ்வளவு ஒழுங்காக! பிறகு வார்டுக்குப் போய், உயிரோடு இருக்கும் மனிதர்களோடு பேசிப் பார்த்தாள். வீட்டைக் கட்டியவன் கெட்டிக்காரன், குடிவைத்தவன்தான் முட்டாள் என்ற முடிவுக்கு அன்றே வந்தாள். அந்த முடிவை மாற்றிக்கொள்ளும்படி எந்த மனிதரும் நடந்துகொள்ளவில்லை.

நோயாளி என்று வருகிறவன் முதலில் பொய் சொல்வான். 'ரெண்டு நாளா வலி' என்றால் ரெண்டு வாரம். 'கொஞ்சமா குடிப்பேன்' என்றால் பாட்டிலைக் கணக்கில் சேர்க்கவில்லை. கொடுத்த மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிட்டு, 'உங்க மருந்து கேக்கலைங்க' என்று வந்து நிற்பான். இவர்கள் நடுவில் வேலை பார்ப்பதற்காகவே டாக்டரம்மா கழுத்துவரை பொத்தான் வைத்த முழுக்கைச் சட்டை போட்டாள். கையில் எப்போதும் உறை. நோயாளிக்கு முன்னால் இளக்காரத்தைக் காட்டுவது தொழிலுக்கு அழகில்லை என்பது அவள் கட்சி. உள்ளே நீலம் பூத்துக் குலுங்கும், வெளியே முகம் கல்லாக இருக்கும். 'ஃப்ரிட்ஜ்' என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். அவளுக்கும் தெரியும். பெயர் வைக்கவாவது மூளை இருக்கிறதே என்று விட்டுவிட்டாள்.

இப்படி இருக்கையில் ஒரு துறைமுகத்தில் அவள் தம்பி வந்து கப்பலேறினான்.

அம்மா செல்லம். தொட்ட வேலை ஒன்றையும் முடிக்காதவன். தோளில் ஒரு பையோடு வந்து, "அக்கா, கொஞ்ச நாள் உன்கூட இருந்துட்டுப் போறேன்" என்றான். வந்த மறுநாளே சாப்பாட்டுக்கூடத்தில், ஜன்னலோர மேசையில் அரைக்கைச் சட்டையோடு போய் உட்கார்ந்துகொண்டான். பக்கத்தில் இருந்த விமானி தலைவலி என்று புலம்ப ஆரம்பித்தான். தலைவலியிலிருந்து மேலதிகாரிக்குப் போனான், மேலதிகாரியிலிருந்து மாமியாருக்குப் போனான், மாமியாரிடமிருந்து திரும்பி வரவே இல்லை. கேட்கக் கேட்கத் தம்பியின் விரல்கள் நீலமாயின. பிறகு மணிக்கட்டு, முழங்கை. விமானி வாயைப் பிளந்தான்.

"என்னங்க இது? கை ஜொலிக்குது?"

தம்பிக்குப் படிப்புதான் வராது, பிழைக்கத் தெரியும். நீலக் கையை எடுத்து விமானியின் நெற்றியில் வைத்தான். "உங்க வலியை நான் வாங்கிக்கிறேன்" என்றான். விமானிக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. தலைவலி பறந்துவிட்டது.

அந்த வாரமே ஜன்னலோர மேசைக்கு வரிசை நின்றது. தம்பி 'வைத்தியரய்யா' ஆனான். முதுகுவலிக்காரன் வந்தான், தூக்கம் வராதவள் வந்தாள், பெண்டாட்டியோடு பேச்சுவார்த்தை இல்லாதவன் வந்தான். யார் வந்து எதைச் சொன்னாலும் தம்பியின் கை நீலமாகிவிடும். அவனுக்கு அதற்குச் சிரமமே இல்லை. சமையல்காரர் ரொட்டியை முதலில் அவனுக்குத்தான் வைத்தார். டாக்டரம்மாவின் மருத்துவ அறையில் நாற்காலிகள் காலியாகக் கிடந்தன.

ஒருநாள் கேப்டனே நேரில் வந்தார். மீசையைச் சீவுவதில் காட்டும் அக்கறையில் பாதியைக் கப்பலில் காட்டியிருந்தால் பெரிய ஆளாக வந்திருக்கக்கூடியவர்.

"இத்தனை வருஷமா இந்த சக்தியை மறைச்சு வெச்சுட்டு எங்களுக்கு வெறும் மாத்திரையைக் குடுத்திருக்கீங்களே, நியாயமா டாக்டரம்மா?"

"அது சக்தி இல்லை கேப்டன். எங்க ஆளுங்களுக்கு ஒருத்தரைப் பார்த்து இளக்காரம் வந்தா நீலமாகும். அவன் உங்களையெல்லாம் உள்ளுக்குள்ள கேலி பண்றான்."

கேப்டன் சிரித்தார். "கூடப்பொறந்தவன்மேலயே இவ்வளவு பொறாமை ஆகாதுங்க."

டாக்டரம்மா கழுத்துப் பொத்தானைச் சரிபார்த்துக்கொண்டாள். நீலம் தோளைத் தாண்டிவிட்டது அவளுக்கே தெரிந்தது.

அறைக்கு வந்ததும் தம்பியைப் பிடித்துக்கொண்டாள். "வெட்கமா இல்லையாடா? காதுல பூ சுத்துறதுக்கும் ஒரு அளவு வேணாம்?"

தம்பி கட்டிலில் கால் நீட்டிப் படுத்திருந்தான். "நான் அவங்க சொல்றதைக் கேக்கிறேன்க்கா. கேட்டுட்டு உள்ளுக்குள்ள சிரிக்கிறேன். நீயும்தான் சிரிக்கிறே. ஆனா கேக்க மாட்டேங்கறியே."

"கேட்டா குடல் சரியாகிடுமா?"

"யாருக்குத் தெரியும்? ஒருநாளாவது கேட்டுப் பாத்திருக்கியா?"

பத்து காசுக்குப் பெறாத பேச்சு என்று விளக்கை அணைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் மதியச் சாப்பாட்டு வேளையில் எஞ்சின் மெக்கானிக்கை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். உடம்பு அனலாய்க் கொதித்தது, வயிறு பலகையாய் இறுகியிருந்தது. அவன் மனைவி கூடவே ஓடிவந்தாள், சலவைக்கூடத்தில் வேலை பார்ப்பவள்.

"எத்தனை நாளா?" என்றாள் டாக்டரம்மா.

"நாலு நாளாங்க. வைத்தியரய்யா தினமும் கைவெச்சாரு. வெச்சப்ப இவரு நல்லாத்தான் இருந்தாரு."

"ஏன் என்கிட்ட வரலை?"

மனைவி தயங்கினாள். "போன தடவை வயித்துவலின்னு வந்தப்ப, வாயைக் கட்டுங்க, சரியாகிடும்னு ஒரே வார்த்தையில அனுப்பிட்டீங்க. மறுபடி வந்தா திட்டுவீங்கன்னு சொன்னாரு."

டாக்டரம்மா மேசையைத் தயார் செய்யச் சொன்னாள்.

குடல்வால் வெடித்து, சீழ் வயிறெங்கும் பரவியிருந்தது. நறுக்கி எடுத்தாள், கழுவினாள், மறுபடி கழுவினாள். பக்கத்தில் நின்ற நர்ஸுக்குக் கால் கடுத்தது, அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. அந்த வயிற்றுக்குள் பொய் சொல்லும் பொருள் ஒன்றும் இல்லை. தைத்து முடித்துக் கையுறையைக் கழற்றியபோது விரல்கள் சுத்தமான சாம்பல் நிறத்தில் இருந்தன.

வெளியே நடைபாதைத் தரையில் தம்பி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் செத்துப்போயிருந்தது.

"பொழைச்சுட்டாராக்கா?"

"பொழைச்சான்."

"சத்தியமா எனக்குத் தெரியலைக்கா. வயித்துவலின்னாரு. எல்லாரும்தானே வயித்துவலிங்கறாங்க."

அவன் அழுதான். சின்ன வயதில் பாத்திரத்தை உடைத்துவிட்டு அழுவானே, அதே அழுகை. டாக்டரம்மாவுக்கு ஒரு கணம் மனசு இளகியது. இனி இவன் அடங்குவான், அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிட்டால் போதும் என்று நினைத்தாள்.

நான்கு நாள்கூட அடங்கவில்லை. மெக்கானிக் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் செய்த முதல் காரியம், தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாப்பாட்டுக்கூடத்துக்குப் போனதுதான். "ஐயா கைவெச்சிருந்ததாலதான் ஆபரேஷன் வரைக்கும் உயிர் தாங்குச்சு" என்று ஊருக்கே கேட்கும்படி சொல்லி, தம்பியின் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். தம்பி மறுக்கவில்லை. கை பளிச்சென்று நீலமானது. கூட்டம் கைதட்டியது. வாசலில் நின்று பார்த்த டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தக் கப்பலில் அவள் சிரித்து யாரும் பார்த்ததில்லை. பார்த்தவர்களுக்குப் பிடிக்கவுமில்லை.

மறுநாள் கேப்டன் கூப்பிட்டனுப்பினார். தம்பியை நலவாழ்வு அதிகாரியாக நியமித்துவிட்டாராம். மருத்துவ அறையும் அவன் பொறுப்பில்தான் வருமாம்.

"அவன் குடலுக்கும் குழாய்க்கும் வித்தியாசம் தெரியாதவன்" என்றாள் டாக்டரம்மா.

"அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே. அவர் சொல்வார், நீங்க செய்வீங்க."

டாக்டரம்மா எழுந்தாள். வாதாடுவதற்கும் எதிரே ஆள் வேண்டும். அடுத்த துறைமுகத்தில் ஒரே ஒரு பெட்டியோடு இறங்கினாள். வழியனுப்ப நர்ஸ் மட்டும் வந்தாள். அவளும் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கப்பலிலிருந்து இறங்கும் பாலத்தின் பாதியில் தம்பி மூச்சிரைக்க ஓடிவந்து பெட்டியைப் பிடித்துக்கொண்டான்.

"விளையாடாதேக்கா. நீ போயிட்டா எப்படி? நிஜமாவே யாருக்காவது ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்றது?"

"நீலமாகு" என்றாள். பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

தாதுக்கல் ஏற்றும் பழைய கப்பல் ஒன்றில் வேலை கிடைத்தது. சுவரெல்லாம் புழுதி, மருத்துவ அறைக் கதவு சரியாகச் சாத்தாது. ஒரு மாதம் கழித்துத் தம்பியைப் பற்றிச் சேதி வந்தது. கேப்டனுக்கு நெஞ்சுவலி என்ற பேச்சு அடிபட்ட அன்றே ஐயா பையைத் தூக்கிக்கொண்டு கம்பி நீட்டிவிட்டாராம். வலி வெறும் அஜீரணம்தான். இப்போது அவன் ஏதோ பயணிகள் கப்பலில் இன்னும் பெரிய வைத்தியராம். கேப்டன் அவளைத் திரும்பி வரச்சொல்லிக் கேட்டிருந்தார். அவள் பதில் போடவில்லை.

புதுக் கப்பலில் அவளிடம் முதலில் வந்தவன் பாறை துளைக்கும் தொழிலாளி. தோள்வலி என்றான். பார்த்தாள், வெறும் சதைப்பிடிப்பு. களிம்பைக் கொடுத்து ஒரு நிமிஷத்தில் அனுப்பியிருக்கலாம். வழக்கமாக அப்படித்தான் செய்வாள். அன்று என்னவோ, நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "சொல்லுங்க" என்றாள்.

அவன் சொன்னான். மச்சினன் வேலைக்கு உலை வைத்ததைச் சொன்னான், பக்கத்துப் படுக்கைக்காரனின் குறட்டையைச் சொன்னான், தன்னைப்போல் உழைப்பவன் இந்தக் கப்பலில் யார் என்று கேட்டு அவனே பதிலும் சொன்னான். டாக்டரம்மாவின் சட்டைக்குள் நீலம் முழங்கையைத் தாண்டி, தோளைத் தாண்டி, முதுகில் வழிந்தது. இவ்வளவு மட்டமான பேச்சை அவள் ஜென்மத்தில் கேட்டதில்லை. வாயைத் திறக்காமல் கேட்டாள்.

ஒருவழியாக அவன் களிம்பை வாங்கிக்கொண்டு எழுந்தான். கதவுவரை போய், கைப்பிடியில் கை வைத்தபடி நின்றான்.

"இன்னொண்ணு... சொல்லவே கூச்சமா இருக்குங்க. கொஞ்ச நாளா ஒண்ணுக்குப் போனா ரத்தமா வருது. அது ஒண்ணும் இல்லைதானே?"

டாக்டரம்மா மனசுக்குள் தம்பியை ஒரு கெட்ட வார்த்தையில் திட்டினாள்.

"கதவைச் சாத்திட்டு வந்து உட்காருங்க" என்றாள்.