சுல்தானின் சட்டை

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் இறங்கும் விமானத்திலிருந்தே, தேக்கா சந்தையில் படுத்திருக்கும் பூனை ஆணா பெண்ணா என்று சொல்லிவிடுவேன்.

"நம்ம கடைப் பூனை சுல்தான் பொண்ணு, பாய்!" என்றேன்.

மளிகைக்கடை யூசுப் சிரித்தார். "ஆம்பளைலா! தோத்தா மீசையை எடுக்கணும்."

நான் நாற்பது வருடம் வளர்த்த மீசை! கறுப்பும் ஆரஞ்சுமாய் இருக்கும் சுல்தானோ, தூக்கிப் பார்க்க யாரையும் கிட்டே விடாது.

"கறுப்பா ஆரஞ்சாங்கிற மரபணு எக்ஸ் குரோமோசோம்ல இருக்கு. பொண்ணுக்குத்தான் எக்ஸ் ரெண்டு. ஒண்ணு கறுப்புங்கும், ஒண்ணு ஆரஞ்சுங்கும். ஒவ்வொரு செல்லும் ஒண்ணை அணைச்சுட்டு இன்னொண்ணைப் பேச விடும். அதான் திட்டுத்திட்டா ரெண்டு நிறமும்! எந்தத் தையல்காரன் தைப்பான் இப்படியொரு சட்டை?"

"அளக்காதீங்க."

மறுவாரம் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் சுல்தான் குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தது. யூசுப் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"பொண்ணுதான்லா, ஒத்துக்கறேன்."