குளிரில் கிடந்த மகன்

பிரசவத்தில் என் மனைவி இறந்து ஒரு பகல்கூட முடியவில்லை. மூச்சுத் திணறிப் பிறந்த மகனை, குளிர்ந்த நீர் ஓடும் மெத்தையில் படுக்க வைத்திருந்தார்கள். அவன் பாதத்தைத் தொட்டேன். காலையில் தொட்ட அவள் நெற்றியைப் போலவே சில்லென்று இருந்தது. சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன்.

"பயப்படாதீங்க சார், நாங்கதான் குளிர வச்சிருக்கோம்," என்றார் நர்ஸ். "ஆக்சிஜன் இல்லாம அடிபட்ட மூளை, மேற்கொண்டு கெடாம இருக்க இது உதவும். மூணு நாளைக்கு இவருதான் எங்க ஐஸ் ராஜா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மகளைப் பறிகொடுத்த என் மாமியார் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. சால்வையை எடுத்துக் குழந்தைமேல் போர்த்தப் போனார். நான் அவர் கையைப் பிடித்தேன்.

"வேணாம் அத்தை. சூடு இவனுக்கு ஆகாது."

"புள்ள விறைச்சுக் கெடக்கு. நீங்கல்லாம் ஒரு அப்பாவா, மாப்ள?"

"இவனையாவது காப்பாத்தணும்ல அத்தை."

அவர் கை தளர்ந்தது. "தொடவாவது விடுவாங்களா?" என்றார்.

நர்ஸ் தொடலாம் என்று தலையசைத்தார்.

அத்தை குழாயடிக்குப் போனார். இரண்டு கைகளையும் தண்ணீரில் வெகுநேரம் காட்டி, நன்றாகக் குளிர வைத்துக்கொண்டு வந்துதான் பேரனின் பாதத்தைப் பிடித்தார்.