தொய்யாத பலகை

வடகிழக்குப் பாலையின் புழுதியைச் சுமந்து நாள்முழுதும் வீசிய வாடைக்காற்று சற்றே ஓய்ந்து, ஒளி குன்றிய ஞாயிறு கண்ணைக் கூசச் செய்யாமல் மேற்கே இறங்க, சிந்தர் நகரின் பழைய மதிலுக்குள்ளே, வீடுகளினும் பெரிய கற்பாறைகளும் அவற்றின் இடுக்கில் ஒண்டி நின்ற மண்சுவர் மனைகளும் ஒரே செந்நிறம் பூண்ட அந்த மாலைப்பொழுதில், கம்பு இடிக்கும் உலக்கையொலி வீட்டுக்கு வீடு எழுந்தது. தச்சன் டன்லாமியின் வீட்டில் மட்டும் அது எழவில்லை. இடிக்க அங்கே ஆளில்லை.

அவன் மனைவி லாரை பிறந்தகம் போய் இருபது நாளாயிற்று. மணமான பெண்ணின் அறையை நிறைப்பன அவள் தாய் தந்த கலன்களே என்பதும், அவள் போகும் நாளில் அவையும் அவளோடு போய்விடும் என்பதும் அவ்வூர் வழக்கமாதலின், பித்தளைத் தவலைகளும் வண்ணப்பூச்சுத் தட்டுகளும் தலைச்சுமைகளாய் வெளியேறிய அந்த அறையில், அவை சாய்ந்திருந்த வட்ட வட்டக் கறைகளையே பார்த்தபடி அவன் நாள்களைக் கழித்தான். உணவு சந்தையிலிருந்து வந்தது. பேச்சு எங்கிருந்தும் வரவில்லை.

கற்றறிந்தீர், தச்சன் வீட்டுப் பலகையே விழுந்தது என்றால் ஊர் சிரிக்காதா? சிரித்தது. சுவரினின்று தானே முளைத்ததுபோல், கீழே தாங்குகட்டை எதுவும் தெரியாமல் நிற்கும் பலகை வேண்டுமென்று லாரை ஆசைப்பட்டாள். ஒரு முழக் கனமுள்ள மண்சுவரின்மேல் ஒரு விரற்கனச் சிமெண்டுக் காரையைப் பூசிவிட்டு, அதைக் கல்லென்றே நம்பிவிடுவது அவ்வூரார் அண்மையில் பழகிக்கொண்ட பிழை. டன்லாமியும் நம்பினான். அவன் முறுக்கிய திருகாணிகள் அந்தத் தோலைத்தான் பற்றினவே ஒழிய, உள்ளிருந்த மண்ணை உறுதியாகப் பற்றவில்லை. பலகை மாட்டிய பதினோராம் நாள் நண்பகலில் தோல் உரிந்தது. வேர்க்கடலை வறுத்து விற்றுப் பதினான்கு ஆண்டுகளில் தாய் சேர்த்து, இறக்குமுன் மகள் கையில் ஒப்படைத்த கண்ணாடிக் கிண்ணங்கள் அத்தனையும் தரையில் நொறுங்கின.

"மரத்தோட பேசத் தெரியுது உனக்கு. சொவத்தோட பேசத் தெரியல, பொண்டாட்டியோடயும் தெரியல" என்றாள் லாரை, துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே.

அண்டை வீட்டுப் பெண்கள் வாசலில் நின்று கேட்டுவிட்டார்கள். கேட்டவர்களில் ஒருத்தி சிரித்தும் விட்டாள். நாணம் சினமாக மாற எவ்வளவு நேரம் ஆகும்? விலக்கினேன் என்று ஒருமுறை சொல்லிவிட்டான். ஒருமுறை சொன்ன மணவிலக்கை மார்க்கப்படி மீட்கலாம். ஏறத்தாழ மூன்று திங்களான அவளது காத்திருப்புக் காலம் முடியுமுன், திரும்பி வா என்று அவன் ஆளனுப்பினால் போதும். மணம் மணமாகவே தொடரும். காலம் கடந்தால் அவள் தன் விருப்பப்படி வேறொருவனை மணக்கலாம்.

அந்த ஒரு சொல்லைத்தான் அவன் அனுப்பவில்லை. அன்பு இல்லாமையால் அன்று. வெறுங்கையோடு எப்படி அழைப்பது என்ற கூச்சம் அவனைத் தின்றது. விழாத பலகை ஒன்றை நிறுத்திவிட்டு அழைப்பேன் என்று உறுதிகொண்டான்.

அவள் போன இருபத்தோராம் நாள் தொடங்கினான். நான்கு நீண்ட இரும்புக் கம்பிகளைச் சுவரின் முழுக்கனத்தையும் ஊடுருவச் செய்து, புறத்தே அகன்ற தகடுகள் வைத்து முறுக்கி, மண்ணைக் கல்லாய் இறுக்கும் மரநெற்றுகளை வேகவைத்த சாற்றில் குழைத்த மண்ணைத் துளைகளில் இடித்து நிரப்பி, அது காயப் பன்னிரண்டு நாள் காத்திருந்தான். பின்னர், உள்ளே குறுக்குச் சட்டங்கள் கோத்த கூடுபோன்ற பலகையொன்றை, பின்புறத் துளைகள் கம்பிகளை விழுங்குமாறு செருகினான். அதன்மேல் செங்கற்களை அடுக்கி, நூலொன்றை விளிம்போடு இழுத்துக் கட்டினான்.

லாரையின் அத்தை கந்தே அப்போதுதான் முதன்முறை வந்தாள். களைப்பு எப்படி, குளிர் எப்படி, வேலை எப்படி என்று முறைப்படி வினவி முடித்து, பாயில் அமர்ந்தாள்.

"மாப்ளே, நான் பாட்டுக்கு இந்தப் பக்கமா வந்தேன். யாருக்காவது எதாவது சொல்லணும்னா சொல்லு, எனக்கு வாய் இருக்கு."

"பலகை முடியட்டும் அத்தை."

"பலகையையா கட்டிக்கிட்ட நீ?"

அவன் சிரித்தான், அவள் சிரிக்கவில்லை.

எட்டு நாளில் பலகை தாழ்ந்து, நூலுக்கும் அதற்கும் இடையே ஒரு கம்புத் தானியம் நுழைந்தது. மரம் தன் தளர்ச்சியை மெல்லத்தான் காட்டும் என்பதை அறிந்த கையாதலால், அவன் பலகையைக் கழற்றி, சட்டங்களை நெருக்கிக் கோத்து, மீண்டும் செருகினான். பதினைந்து நாளில் அந்தத் தானியத்தில் பாதி நுழைந்தது. மீண்டும் கழற்றினான். வேறெவனும் அதைத் தொய்வென்று சொல்லியிருக்க மாட்டான். அவனோ அந்தப் பாதித் தானிய இடைவெளியில் கிண்ணங்கள் நொறுங்கும் ஓசையைக் கேட்டான்.

"இன்னும் பத்து நாள்கூட இல்ல மாப்ளே" என்றாள் கந்தே, இரண்டாம் முறை வந்தபோது. "விரல் விட்டு எண்ணிக்கிட்டு ஒருத்தி உக்காந்திருக்கா."

"இந்தத் தடவை நிக்கும் அத்தை. ரெண்டு வெள்ளிக்கிழமை போகட்டும், நானே வர்றேன்."

இரண்டு வெள்ளிகளும் போயின. நூல் அசையவில்லை. ஓர் ஆளே ஏறிப் படுத்தாலும் அசையாதென்று கண்ட டன்லாமி, நெடுநாள் பெட்டியில் கிடந்த நீல அங்கியை அணிந்து, தலைப்பாகை சுற்றி, ஒளிரும் முகத்தோடு புறப்பட்டான். வாசலில் கந்தே நின்றாள்.

"போகாத டன்லாமி" என்றாள். அன்றுதான் அவனை முதன்முறையாகப் பெயர் சொல்லி அழைத்தாள். "அவ காலம் முடிஞ்சு நாலு நாளாச்சு. தோல் பதப்படுத்துற சைபு கேட்டு வந்தாரு. பேசி முடிச்சாச்சு."

"அவ சரின்னாளா?"

"எத்தன நாள் அண்ணன் வீட்டு மூலையில குந்தியிருப்பா? மூணு மாசம் வாசலையே பாத்தா. ஒரு ஆள் வந்து, உன்ன வரச் சொன்னாருன்னு சொல்லியிருந்தா, ஒடஞ்ச கிண்ணத்து மேலயே நடந்து வந்திருப்பா."

அவன் அவளை உள்ளே அழைத்துச் சென்று பலகையைக் காட்டினான். காட்டுவதற்கு அவனிடம் வேறென்ன இருந்தது? அவள் அதன்மேல் இரு கைகளையும் ஊன்றி, உடலின் முழுப்பாரத்தையும் சாய்த்துப் பார்த்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். அவன் அங்கியைக் கழற்றாமலேயே தரையில் உட்கார்ந்து அழுதான்.

ஒன்பதாம் நாள் அவள் மீண்டும் வந்தாள். அவன் கண்ணைப் பார்க்காமல் பேசினாள்.

"அவ போகப்போற வீட்டுச் சொவரும் மண்ணுதான். மேல சிமெண்டு. சாமான் வைக்கப் பலகை வேணும்."

"அவளே கேட்டாளா?"

"ஆமா. அவரு இப்போ சரியாச் செய்வாருன்னு சொன்னா."

அவன் மூலையில் கிடந்த முழக்கோலைக் கையில் எடுத்தான்.

"செய்யிறேன்."

"எவ்வளவு ஒசரத்துலன்னு கேட்டுட்டு வரட்டுமா?"

"வேணாம் அத்தை. அவ கை எட்டுற ஒசரம் எனக்குத் தெரியும்."

மணப்பெண் வந்து புகாத அந்த வெற்று மனையில், சைபுவின் முதிய தாய் மட்டும் காவலிருக்க, அவன் சுவரைத் துளைத்து, கம்பிகளை ஊடுருவச் செலுத்தி, மண் காயும்வரை தன் வீட்டில் காத்திருந்து, உரிய நாளில் மீண்டும் போய்ப் பலகையைச் செருகி, கூலி வாங்காமல் வெளியேறினான். அது தொய்யவில்லை, இனித் தொய்யவும் தொய்யாது. விழுந்த பலகையை ஊர் ஆண்டுக்கணக்கில் பேசும். விழாத பலகையை அதில் கலன் அடுக்குகிறவள்கூட எண்ணிப் பார்ப்பதில்லை. லாரையும் நாளடைவில் எண்ணமாட்டாள்; அவள் அச்சமின்றித் தன் தாயின் தவலைகளை ஏற்றி வைப்பாள், திரும்பிப் பார்க்காமல் வேறு வேலைக்குப் போவாள். அவள் தன்னை நினைக்கத் தேவையே இல்லாதபடி செய்துகொடுத்த அந்த ஒன்றே, அவன் அவளுக்குக் கடைசியாகத் தர முடிந்தது.